கோபுர வாசலும் வலைத்தள வாசலும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைக் கோயிலுக்குள் செல்ல, சில ஆண்டுகளாக இணையத்திலும் கட்டணச் சீட்டுகள் விற்கப்படுகின்றன. சீட்டுகளோ குறைவு, கேட்போரோ மிகப் பலர். கடைசிச் சீட்டை ஒரே நொடியில் இருவர் கேட்டால் யாருக்குத் தருவது? இதன் விடையில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது.

1991-இல் உலகுக்குத் திறக்கப்பட்ட வலை வெறும் அறிவிப்புப் பலகையாகவே இருந்தது. 1993-இல் வந்த சி.ஜி.ஐ. முறை, கேட்பதற்கேற்பப் பதில் தந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் புரோகிராம் புதிதாகத் தொடங்க வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் கணிப்பொறி திணறியது.

இக்குறையைப் போக்க 1990-களின் பிற்பகுதியில் பரவியதே ‘அப்ளிகேஷன் சர்வர்’. இதில் புரோகிராம் எப்போதும் தயாராக நிற்கிறது. ஒருவர் சீட்டை எடுக்கும்போது தரவுத்தளத்தில் அதன் பதிவு பூட்டப்படுகிறது. மற்றவர் காத்திருக்க வேண்டும். 2002-இல் நம் ரயில் டிக்கெட்டும் இணையத்துக்கு வந்தது.

ஆபத்தும் கூடவே வந்தது. பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவன் தரவுத்தளத்துக்குரிய கட்டளையை எழுதினால், சர்வர் அதையும் நிறைவேற்றிவிடக்கூடும்! இத்தந்திரம் 1998-இலேயே வெளியாகிவிட்டது. மருந்து எளிது: வந்தவர் எழுதியதை வெறும் எழுத்தாகவே கொள்ள வேண்டும், கட்டளையாக அல்ல.

மருந்து இருந்தும் உண்ணாவிட்டால்? 2017 மார்ச்சில் ‘ஸ்ட்ரட்ஸ்’ என்னும் வலை மென்பொருளில் வேறொரு ஓட்டை தெரியவந்தது, திருத்தமும் வெளியாயிற்று. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் தன் தளம் ஒன்றில் அதைப் பொருத்தத் தவறியது. மே மாதம் திருடர்கள் அவ்வழியே நுழைந்தனர். சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் பறிபோயின.

கோயிலைப் போலவே தளத்துக்கும் திருப்பணி தேவை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது!