மண்ணெண்ணெய்க் காலத்து வான்கள்

பழைய டீசல் வானுக்கு வரும் வருத்தங்கள் எங்கும் ஒன்றுதான். பிஸ்டன் றிங் தேய்ந்தால் நீலப் புகை, நொசில் கெட்டால் கரும்புகை, பம்ப் தேய்ந்தால் சூட்டில் ஸ்டார்ட் வராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவற்றோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. இங்கே கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. அதை நேரே றேடியேற்றருக்கு ஊற்றினால், கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவு அங்கேயும் பிடிக்கும். நீர்ப்பாதை ஒடுங்கும், எஞ்சின் சூடேறும், ஹெட் வளையும், கஸ்கெட் போகும். டொயோட்டாவின் 2சி எஞ்சின் பூட்டிய சிறு வான்களில் ஹெட்டே வெடித்துவிடும். கடற்காற்றின் உப்பு கூட்டைத் தனியாக அரிக்கும். ஆனால் இவற்றைத் திருத்த என்ன செலவாகும், திருத்துவது பிரயோசனமா என்ற கேள்விக்கு எஞ்சினை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பொருள் வரும் வழி திறந்திருந்ததா என்பதைப் பொறுத்தே குடாநாட்டில் ஒரு வானின் ஆயுள் நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது என்பது என் வாதம்.

இங்கு ஓடிய பழைய வண்டிகளில் பெரும்பங்கு இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒஸ்டினும் மொறிஸும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்ததால், ஒஸ்டின் கேம்பிரிட்ஜின் எஞ்சின் துண்டுகள் பல மொறிஸ் ஒக்ஸ்போர்டுக்கும் பொருந்தின. பாக்குநீரிணைக்கு அப்பால் அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் உழைத்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான் இவற்றைவிட எளிமையானது. லொறிச் சட்டகத்தின் மேல் மரக் கூடு. பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியில் மீன்கூடையும் மரக்கறி மூட்டையும் ஏறும், ஆட்களும் ஏறுவார்கள். கூடு பழுதானால் உள்ளூர்த் தச்சரே போதும். 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்த பின் ஜப்பானிய டீசல் வான்களும் மினிபஸ்களும் பெருகின. அவற்றின் துண்டுகள் கொழும்பிலிருந்து வந்தாக வேண்டும். பாதை திறந்திருந்த வரை அந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்தேவி ரயில் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடியது, லக்சபானவிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. எரிய வேண்டிய விளக்கும் ஓட வேண்டிய வண்டியும் அந்த ஒரே எண்ணெயை எதிர்பார்த்து நின்றன. குளிர்ந்த பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு ஒயில் சம்புக்குள் இறங்கி, அங்கிருக்கும் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். றிங்கும் பெயாரிங்கும் காலத்துக்கு முன்னரே தேயும். டீசல் எஞ்சின் மண்ணெண்ணெயை எளிதாக ஏற்றுக்கொள்வதுபோலத் தெரியும், ஏனென்றால் அங்கே அமுக்கத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஆனால் டீசலுக்குள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. ஹையேஸ் போன்ற வான்களின் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, உள்ளே ஓடும் எரிபொருளே அதற்கு மசகு. வெறும் மண்ணெண்ணெய் ஓடினால் பம்ப் தன்னைத்தானே தின்னும். மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்றிய வழக்கம் இந்தக் காரணத்தால் வந்தது.

அப்படித் தேய்ந்ததை எப்படித் திருத்தினார்கள் என்பதில்தான் செலவின் கணக்கு தலைகீழாகிறது. இன்றைய கராஜ் பில்லில் பெரிய தொகை சாமானுக்குப் போகும், கூலி அதற்கு அடுத்தபடிதான். தடைக்காலத்தில் புதுச் சாமான் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்தாலொழியக் கிடையாது. ஆகவே பில் முழுவதும் கூலியானது. ஓடாமல் நின்ற வண்டியைக் கழற்றி ஓடும் வண்டிக்குப் பூட்டினார்கள். தேய்ந்த இடத்துக்குப் பித்தளையில் புஷ் கடைந்தார்கள், கஸ்கெட்டைக் கையால் வெட்டினார்கள். லேத் பட்டறை ஒரு ஊருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசலுக்கு அடங்கும் வண்டி பிழைத்தது, அடங்காதது நின்றுபோனது. ஒஸ்டினும் தட்டிவானும் முதல் வகை.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. யாழ்ப்பாணத்தார் இயல்பிலேயே சிக்கனக்காரர், பழையதை விடமாட்டார்கள், போர் இல்லாவிட்டாலும் ஒஸ்டினைக் கட்டிக் காத்திருப்பார்கள் என்பது ஒன்று. அது உண்மையாயின் 2002 ஏப்ரலில் ஆனையிறவு வழியான ஏ9 பாதை திறந்தபோது பழைய வண்டிகள் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. வழியில் விடுதலைப் புலிகளின் வரியையும் கட்டிக்கொண்டு ஜப்பானிய வான்களும் புது மோட்டார் சைக்கிள்களும் வந்து இறங்கின, ஒஸ்டின்கள் ஒதுங்கின. மற்ற மறுப்பு கனமானது: தடைக்காலத்தை இப்படிக் கைத்திறனின் காலமாகப் பேசுவது துன்பத்துக்கு அலங்காரம் பூட்டுவது. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திருத்தங்கள் மலிவானவை அல்ல. செலவு வேறு இடங்களுக்கு மாறியது. எஞ்சின் தன் ஆயுளில் கட்டியது, மெக்கானிக் தன் உழைப்பில் கட்டினார், தெருவில் நடந்தவர் புகையை விழுங்கிக் கட்டினார். ஆயினும் அந்த வண்டிகள் ஓடியிராவிட்டால் நோயாளியும் விளைச்சலும் எதில் போயிருக்க முடியும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய இடப்பெயர்வில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அன்று நடக்க முடியாதவருக்கு ஓடக்கூடிய எந்த வண்டியும் உயிர்ப்பிடிதான்.

2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடி 2009இல் திறந்தபோதும் இதே கணக்கு திரும்பியது. போரே இல்லாமலும் அது திரும்பும் என்பதை 2022 காட்டியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. டீசலுக்கு வரிசையும் பிறகு கியூஆர் அட்டையும் வந்தன. துறைமுகம் ஒடுங்கியதும், கழித்துக்கட்ட வைத்திருந்த ‘டொல்பின்’ என்ற பழைய ஹையேஸ் வானுக்கு எஞ்சின் இறக்கி வேலை செய்வது மறுபடி நியாயமான செலவானது. இம்முறை அது நாடு முழுவதற்கும் நடந்தது.

டொல்பின் வானின் 3எல் எஞ்சினில் நொசில் திறக்கும் அழுத்தம் நூறு பாருக்குச் சற்று மேல். கைப்பம்பில் வைத்துப் பரிசோதித்துச் சிம் மாற்றிச் சரிசெய்யலாம். அதற்குப் பின் வந்த கேடிஎச் வகை ஹையேஸ் வான்களின் கொமன் றெயில் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், இன்ஜெக்டர் திறப்பதையும் மூடுவதையும் கணினி கட்டளையிடுகிறது. புகை குறைவு, இழுவை அதிகம், எண்ணெய்ச் சிக்கனம். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் கலந்த டீசல் அதன் பம்பையும் இன்ஜெக்டரையும் விரைவில் கொன்றுவிடும், பிறகு எந்த லேத்தும் அதற்குக் கை கொடுக்காது. 1990இல் குடாநாட்டில் இருந்தவை எல்லாம் இந்த வகை வான்களாக இருந்திருந்தால், பாதை மூடிய சில மாதங்களில் அவற்றில் பெரும்பாலானவை படலைக்குள் நின்றிருக்கும்.