மேல்நோக்கி நகர்ந்த ஆட்சி: அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆறும் காட்சித்தலங்களும்

அம்பாசமுத்திரத்துக்கு விருந்தாளி வந்தால் உள்ளூரார் சொல்லும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்: பாபநாசம் கோயில், அகத்தியர் அருவி, காரையார் அணை, சொரிமுத்து அய்யனார் கோயில், மணிமுத்தாறு, மாஞ்சோலை. நேரம் இருந்தால் மன்னார்கோவில், திருப்புடைமருதூர். கோயில், அருவி, அணை, தேயிலைத் தோட்டம், காடு என வகை வகையான இந்த இடங்களைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரே பட்டியலில் அடுக்குகின்றன. அவை எந்தக் காலத்தில், யாருடைய தேவைக்காக உருவாயின என்பது அந்தப் பட்டியலில் தெரிவதில்லை. அவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. தாமிரபரணியின் நீரைக் கையாளும் அதிகாரம் சமவெளியில் தொடங்கிப் படிப்படியாக மலைமேல் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அது விட்டுச்சென்ற வேலைத்தளமே பின்னாளில் காட்சித்தலமாயிற்று. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லாக மாறிய காசு

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்கின்றன. கார், பிசானம் என்னும் இரண்டு சாகுபடிக்கும் அடிப்படை இதுதான்.

இந்த நிச்சயத்தின் மதிப்பை அரசர்கள் அறிந்திருந்ததற்கு அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு சான்று. அன்று ஊரின் பெயர் இளங்கோக்குடி, முள்ளிநாட்டைச் சேர்ந்தது. பாண்டியன் வரகுண மகாராசன் தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தபோது, இந்தக் கோயிலின் அன்றாட வழிபாட்டுக்காக இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்தான். முதல் குறையாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல்லைச் சபையார் பொலிசையாக (வட்டியாக) அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடவுளுக்கு அமுது படைக்க வேண்டிய அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் முதலியவற்றின் அளவுகளையும் கல்வெட்டு வரையறுக்கிறது.

கணக்கு எளிமையானதுதான், அதன் பின்னுள்ள நம்பிக்கையைக் கவனிக்க வேண்டும். வட எல்லையில் பாசறையில் இருக்கும் அரசன் தெற்குக் கோடியில் உள்ள ஊர்ச்சபையிடம் பணத்தைக் கொடுத்து, காலமெல்லாம் மாறாத அளவில் நெல்லை எதிர்பார்க்கிறான். மழை பொய்த்தால் பொய்த்துப்போகிற வயலை நம்பி யாரும் இப்படி எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி இதே நீர்வளத்தின்மேல் அமர்ந்தது. இன்றைய மன்னார்கோவில் அன்று இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயம். அங்குள்ள விண்ணகரத்தை (திருமால் கோயிலை) கட்டியவன் சேர மன்னன் இராசசிங்கன். அதன் பெயரோ இராசேந்திரசோழ விண்ணகரம். பாண்டிய நாட்டு ஊரில், சேரன் எழுப்பிய கோயிலுக்குச் சோழன் பெயர். மூவேந்தர் அரசியலும் ஒரே பாசனப் பரப்பில் சந்தித்ததற்கு இதைவிடத் தெளிவான சின்னம் இவ்வட்டாரத்தில் இல்லை. பிரமதேசம் கயிலாசநாதர் கோயிலும் இதே நெல்வளத்தை ஒட்டி எழுந்ததே.

அணைக்கட்டுகளும் கோபுரமும்

ஆற்றைத் தடுத்து வாய்க்காலுக்குத் திருப்புவது அடுத்த கட்டம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருகைக்கு முந்தியவை. இவற்றில் முதல் மூன்றும் அம்பாசமுத்திரம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. எட்டு அணைக்கட்டுகளின் மொத்த ஆயக்கட்டு சுமார் 86,000 ஏக்கர்.

இவை நீரைத் தேக்கும் அணைகள் அல்ல. மட்டத்தைச் சற்றே உயர்த்தி, தலைமதகு வழியாக வாய்க்காலுக்கு நீரைத் தள்ளுவதே இவற்றின் வேலை. மிஞ்சிய நீர் கட்டின் மேலாக வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். வாய்க்கால் நீர் குளங்களை நிரப்பும். வயலின் வடிநீர் மறுபடி ஆற்றில் சேரும். மேலே உள்ளவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாதபடியான அமைப்பு இது. கன்னடியன் கால்வாய் பற்றி வழங்கும் கதையில் கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மசாரி ஒருவர், எள்ளால் செய்த பொம்மையோடு தானமாகப் பெற்ற செல்வத்தைக் கொண்டு வாய்க்கால் வெட்டுகிறார். கதையை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால், வாய்க்கால் வெட்டியவன் அரசனாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் நினைவு வற்புறுத்தவில்லை என்பது இதில் தெரிகிறது.

இந்தப் பாசனச் செழிப்புக்காக நடந்த போட்டியின் தடயம் திருப்புடைமருதூரில் இருக்கிறது. தாமிரபரணியோடு கடனாநதி கூடுமிடத்தில் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்துநிலைக் கோபுரத்துக்குள் படியேறினால் ஒவ்வொரு தளத்திலும் சுவர் முழுக்க ஓவியமும் தூண்களில் மரச்சிற்பமும் நிறைந்திருக்கும். கப்பலில் வந்திறங்கும் குதிரைகள், அணிவகுக்கும் படைகள், கைகலப்புகள் எல்லாம் அவற்றில் உண்டு. விசயநகர அச்சுதராயரின் படைக்கும் திருவிதாங்கூர் மன்னருக்கும் 1532இல் நடந்த தாமிரபரணிப் போரையே இந்தப் போர்க்காட்சிகள் காட்டுகின்றன என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

விழும் நீரின் விலை

அதுவரை எல்லோருக்கும் வேண்டியிருந்தது பாயும் நீர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழும் நீருக்கும் விலை வந்தது. ஹார்வி சகோதரர்கள் 1883இல் தொடங்கிய திருநெல்வேலி மில்ஸ் கம்பெனி, தன் நூற்பாலைக்குப் பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அருவியின் விசை. பருத்தி விளைந்ததோ கிழக்கே கரிசல் காட்டில். பஞ்சை வண்டியேற்றி மலையடிவாரம்வரை கொண்டுவருவது, நிலக்கரி வாங்கி எரிப்பதைவிட ஆதாயம் என்று கணக்குப் போட்டார்கள். ஆலையைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் தொழிலாளர் நகரமாக வளர்ந்தது. முழுகிப் பாவம் தீர்க்கும் துறைக்கு அருகிலேயே சங்கு ஊதி வேலைக்கு அழைக்கும் ஆலையும் அமைந்தது.

தீர்த்தயாத்திரையும் நிற்கவில்லை. சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இங்கே கல்யாண தீர்த்தத்துக்கு வந்தபோது, நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த் தாமும் மறைந்தார். அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆலைக்குப் பிறகு அரசு வந்தது. பாபநாசம் நீர்மின் திட்டம் 1938இல் தொடங்கி 1944இல் மின்சாரம் தந்தது. அத்திட்டத்தின் மேலணையைத்தான் உள்ளூரில் காரையார் அணை என்கிறார்கள். அதன் உச்ச நீர்மட்டம் 143 அடி. 1950களில் மணிமுத்தாறு அணை (118 அடி), 1980களில் சேர்வலாறு அணை (156 அடி). சேர்வலாறும் காரையாறும் சுரங்கத்தால் இணைக்கப்பட்டவை. ஆற்றின் சாவி இப்போது மலைக்குள் போய்விட்டது. நெல்லை, தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள் வானத்தைப் பார்ப்பதோடு அணை மட்டத்தையும் நாளிதழில் பார்த்தே கார் நடவை முடிவு செய்கிறார்கள்.

அணைக்காகப் போட்ட சாலையே பயணிகளையும் மேலே ஏற்றியது. பாணதீர்த்த அருவிக்குக் காரையார் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போகும் வழக்கம் அணை வந்த பிறகு உண்டானது. பிற்காலத்தில் வனத்துறை அதை நிறுத்தியது.

தோட்டம், காடு, சோதனைச்சாவடி

மலையின் ஒரு பகுதி சிங்கம்பட்டி ஜமீனுடையது. 1929இல் ஜமீன் 8,374 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எழுந்தன. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதானது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. பயணிகளுக்கு மாஞ்சோலை குளிர்ந்த பசுமை. தொழிலாளருக்கு அது தலைமுறைகளாகக் கூலிப் போராட்டம் நடந்த இடம். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மேல் காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தனர். இந்த ஆற்றின் வரலாற்றில் அந்த நாளுக்கும் இடம் உண்டு.

காட்டின் மீதான உரிமை வேறு திசையில் இறுகியது. முண்டந்துறை 1962இல் புலிகளுக்கான சரணாலயமாயிற்று. களக்காடு 1976இல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயமாயிற்று. இரண்டையும் சேர்த்து 1988இல் உருவான களக்காடு–முண்டந்துறைதான் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். காட்டைக் காப்பது ஆற்றின் ஊற்றைக் காப்பது என்ற நியாயம் இதற்குள் அடங்கியிருந்தது. 2018இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து நிறுவனம் வெளியேறத் தொடங்கியது; குத்தகை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் இந்த அதிகாரங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் காணலாம். ஆடி அமாவாசைக்குச் சமவெளி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். 2020இல் காலமாகும்வரை, சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் அமர்ந்து தரிசனம் தருவார். கூட்டம் வருவதோ பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டி. எத்தனை நாள் தங்கலாம், எதைக் கொண்டுவரலாம் என்பதை வனத்துறை சொல்லும். அருகே காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. கல்வெட்டுக்கோ குத்தகைப் பத்திரத்துக்கோ வராத பழங்குடியினர் அவர்கள்.

வேலை செய்வது கண்ணில் படுவதில்லை

மேலே கண்ட போக்கில் ஒரு விதிவிலக்கு திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றிய மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்மக்களே காத்துவந்ததை ஏற்று, 2005இல் அது நாட்டின் முதல் சமூகப் பங்கேற்புப் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடு மேலிருந்து வராமல் ஊரிலிருந்து தொடங்கிய இடம் அது.

இன்னொரு விதிவிலக்கு பட்டியலிலேயே இல்லாத அணைக்கட்டுகள். கோயிலுக்கு வருகிறவர் உண்டு, அணைக்குப் போகிறவர் உண்டு. கோடைமேலழகியானையும் நதியுண்ணியையும் தேடி யாரும் வருவதில்லை. பழம்பெருமை வாய்ந்தவை என்றாலும் அவை இன்னும் ஓய்வு பெறவில்லை. பாசனம் நடக்கும்வரை அவை நீர்வளத் துறையின் கணக்குக்குரிய கட்டுமானமாகவே பார்க்கப்படுகின்றன. உலகப் பாசன மரபுச் சின்னங்களின் பட்டியலில் 2023இல் தாமிரபரணியிலிருந்து இடம்பெற்றது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு: எட்டில் இளையது.

மேலே எழுந்த ஆலையும் மின்நிலையமும் தோட்டமும் புதிய தேவைகளுக்கு ஆற்றைத் திருப்பின. வரகுணன் காலத்திலிருந்து மாறாத நெல்லின் தேவையை ஈடுசெய்வது இன்றும் பழைய ஏழு அணைக்கட்டுகளும் அவற்றின் வாய்க்கால்களுமே. இவ்வட்டாரத்துக்கு மரபுத்தல வரைபடம் ஒன்று தயாரிக்கப்படுமானால், அதை அருவியிலிருந்து தொடங்குவதைவிடத் தலைமதகிலிருந்து தொடங்குவதே வரலாற்றுக்குப் பொருந்தும். அம்பாசமுத்திரத்தில் கோயிலைக் கட்டிய நெல்லும் ஆலைக்கு ஆள் தந்த ஊர்களும் அந்த மதகுகளின் கீழேதான் உருவாயின.