ஒரே காபிக்கு இரண்டு விலை: ஐரோப்பாவின் பிளவும் சேர்வராயன் மலையும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், மாரமங்கலம் பக்கம் காபிப் பழம் பறிப்பு கார்த்திகையில் தொடங்கி மாசி வரை இழுக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அந்த நிழலில் அராபிகாச் செடிகள். பறித்த பழத்தை அப்படியே களத்தில் பரப்பிக் காயவிட்டால் அது செர்ரி. பல்பரில் போட்டுத் தோலுரித்து, வழுவழுப்புப் போக ஊறவைத்துக் கழுவிக் காயவிட்டால் பார்ச்மென்ட். செர்ரி காய்ந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார்கள். உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும்.

அந்தக் கைப்பிடிக்கு என்ன விலை என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவை தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஐரோப்பாவைக் கூறுபோட்ட கதையைப் பெர்லினிலோ வார்சாவிலோ நின்று எழுதியவர்கள் பலர். ஏற்காட்டு மலையில் நின்று பார்த்தால் அக்கதைக்கு இன்னொரு முகம் தெரிகிறது. ஐரோப்பாவுக்குக் குறுக்கே விழுந்த கோடு, காபிச் சந்தைக்குக் குறுக்கேயும் விழுந்தது. அந்தக் கோடு அழிந்தபோது, மலைவிவசாயிக்கு அரை நூற்றாண்டாகக் கூரையாக இருந்த ஓர் ஏற்பாடும் சேர்ந்து சரிந்தது.

சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபியை நடவைத்தார். அன்று முதல் இந்த மலைக் காபியின் கண் கடலுக்கு அப்பால்தான். எனவே ஐரோப்பாவில் போர் வெடித்ததும் அடி உடனே இங்கே விழுந்தது. ஹிட்லரின் படைகள் நார்வேயையும் பிரான்சையும் பிடித்த 1940-இல் அந்தச் சந்தைகள் அடைபட்டன, சரக்கு தேங்கியது. அதே ஆண்டு அரசு காபிச் சந்தை விரிவாக்க அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1942-இல் அது முழுச் சட்டமாயிற்று. காபி வாரியத்துக்கு அதிகாரம் வந்தது அப்படித்தான். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் எடுத்துக்கொண்டது போக, விளைந்த காபி முழுவதையும் தோட்டக்காரர் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். கொண்டுவந்து போட்டதும் ஒரு முன்பணம். மீதி, சரக்கு விற்க விற்கத் தவணை தவணையாக. தரத்துக்கு ஏற்பப் புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு ரூபாய். தனியாருக்கு விற்றால் குற்றம். போர்க்காலத்துக்கென்று போட்ட பந்தல் அது. போர் முடிந்தும் அதைப் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்பதற்கு விடை ஐரோப்பாவில் இருக்கிறது.

1944 அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சிலும் ஸ்டாலினும் ஒரு துண்டுக் காகிதத்தில் பால்கன் நாடுகளை விழுக்காடு போட்டுப் பிரித்தார்கள். ருமேனியாவில் உனக்கு இவ்வளவு, கிரீஸில் எனக்கு இவ்வளவு என்ற கணக்கு. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. யால்டாவிலும் பொட்ஸ்டாமிலும் 1945-இல் நேசநாட்டுத் தலைவர்கள் பேசி முடித்தபோது, எந்தப் படை எங்கே நின்றதோ அதுவே ஏறக்குறைய எல்லையாகிவிட்டது. ஆயினும் படைகள் நின்ற இடம் மட்டும் ஒரு கண்டத்தைப் பிளந்துவிடாது. பிளவைக் கெட்டிப்படுத்தியது பணம் என்பது என் கருத்து. 1947 ஜூனில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் அறிவித்த உதவித் திட்டத்தில் 16 நாடுகள் சேர்ந்தன. சுமார் 1,300 கோடி டாலர் பாய்ந்தது. பாரிஸில் நடந்த பேச்சிலிருந்து சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் எழுந்து போனார். சேர விரும்பிய செக்கோஸ்லோவாக்கியாவை மாஸ்கோ தடுத்து நிறுத்தியது. 1949 ஜனவரியில் கிழக்கு நாடுகளுக்கென்று காமெகான் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு வந்தது. அதே ஆண்டில் மேற்கின் படைக்கூட்டணியான நேட்டோ. அதே ஆண்டில் இரண்டு ஜெர்மனிகள். 1955-இல் கிழக்கின் படைக்கூட்டணியான வார்சா ஒப்பந்தம். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர்.

இரண்டு பாதிகளுக்கும் இரண்டு வகைப் பணம். மேற்கே டாலருக்கு மாறும் பணம். கிழக்கே மாறாத பணம். இந்தியாவிடமோ டாலர் இல்லை, செய்ய வேண்டிய வேலை மலையளவு. 1953 டிசம்பரில் சோவியத் யூனியனுடன் வணிக உடன்பாடு கையெழுத்தானது. 1958-க்குப் பின் அந்த வணிகம் முழுவதும் ரூபாய்க் கணக்குக்கு வந்தது. போலந்து, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகளோடும் இதே முறைதான். அவர்கள் அனுப்பும் இயந்திரத்துக்கு நாம் ரூபாயில் கணக்கெழுதுவோம். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம் தேயிலை, காபி, தோல், சணல் வாங்கிக்கொள்வார்கள். எண்பதுகளில் இந்தியக் காபியை மிக அதிகமாக வாங்கிய நாடு சோவியத் யூனியன். அங்கே ஒரே அரசு நிறுவனம் வாங்குகிறது. இங்கே ஒரே வாரியம் விற்கிறது. பொதுத் தொகுப்பு என்ற போர்க்காலப் பந்தலுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்முதல்காரர் கிடைக்க வழியில்லை.

மேற்குப் பாதியின் கதை வேறு. பண்டங்களுக்கு விலைக் கட்டுப்பாடு என்றாலே முகம் சுளித்த வாஷிங்டன், 1959-இல் கியூபாவில் புரட்சி வென்றதும் மனம் மாறியது. காபி விலை விழுந்தால் பிரேசிலும் கொலம்பியாவும் கியூபா வழியில் போய்விடலாம் என்ற அச்சம். 1961-இல் கென்னடி லத்தீன் அமெரிக்காவுக்கான முன்னேற்றக் கூட்டணியை அறிவித்தார். 1962-இல் பன்னாட்டுக் காபி ஒப்பந்தம் வந்தது. 1963-இல் லண்டனில் அதற்கான அமைப்பு நிறுவப்பட்டது. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா போட்டு விலையைத் தாங்கிப்பிடித்தார்கள். இந்தியாவும் அதில் உறுப்பினர். லத்தீன் அமெரிக்காவைக் காக்கப் போட்ட வேலிக்குள் சேர்வராயன் மலையும் வந்து சேர்ந்தது.

அந்த வேலியில் ஓர் ஓட்டை இருந்தது, அதுவும் கண்டத்தின் பிளவு வழியாகவே விழுந்த ஓட்டை. காபி குடிக்கும் பழக்கம் இனிமேல்தான் வளர வேண்டிய 'புதிய சந்தைகள்' என்று சோவியத் யூனியன் உள்ளிட்ட சில நாடுகளுக்குக் கோட்டாவிலிருந்து விலக்கு. அங்கே எவ்வளவும் அனுப்பலாம், விலை மட்டும் குறைவு. ஒரே செடியில் ஒரே நாளில் பறித்த காபி, ஹாம்பர்க்குக்குப் போனால் ஒரு விலை, லெனின்கிராடுக்குப் போனால் இன்னொரு விலை. விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் கள்ளச் சரக்கும் இருக்கும். விலக்குப் பெற்ற நாட்டின் பேரில் மலிவாக ஏற்றிய காபி, வழியில் திசைமாறி மேற்கு ஐரோப்பாவில் இறங்கியது. அதற்கு வணிகர்கள் வைத்த பெயர் 'சுற்றுலாக் காபி'. சரக்கு எங்கே விளைந்தது, எங்கே போகிறது என்று சான்றிதழும் முத்திரையும் வைத்துக் காவல் காத்தார்கள். முழுக்கத் தடுக்க முடியவில்லை.

காபிக்கு அடியில் இருந்த மண்ணுக்கும் கிழக்கு-மேற்குப் போட்டி வந்தது. சேர்வராயன் மலைமேட்டில் பாக்சைட் இருக்கிறது; அலுமினியத்தின் மூலப்பொருள். மேட்டூரில் 1960-இல் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, இத்தாலியின் மோன்டெகாடினி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1965-இல் உற்பத்திக்கு வந்தது. மார்ஷல் பணம் வாங்கி நிமிர்ந்த நாடுகளில் இத்தாலியும் ஒன்று. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய மண் மேட்டூருக்குப் போயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடு இந்தியாவின் கோர்பாவில் அமைந்த அரசு அலுமினிய ஆலையிலோ, அலுமினா பிரிக்கும் பகுதி ஹங்கேரியின் உதவியில், உலை சோவியத் உதவியில். ஒரே உலோகம், ஆனால் மேட்டூர் மேற்கு, கோர்பா கிழக்கு. நெய்வேலியில் இது ஒரே வளாகத்துக்குள் நடந்தது. பழுப்பு நிலக்கரியைத் தோண்டிய ராட்சதச் சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியவை; அந்தக் கரியை எரித்து மின்சாரம் எடுத்த நிலையம் சோவியத் யூனியன் கொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. திருச்சி பெல் கொதிகலன் ஆலைக்குக் கைகொடுத்தது செக்கோஸ்லோவாக்கியா. ஐரோப்பாவில் முள்வேலிக்கு இருபுறமும் துப்பாக்கியோடு நின்றவர்களின் பொறியாளர்கள் இங்கே ஒரே மாநிலத்து வெயிலில் வேலை பார்த்தார்கள். அணிசேராமை என்று பாடப்புத்தகம் சொல்வதை நான் இங்கேதான் கண்ணால் பார்க்கிறேன்.

  

காபிக்குத் திரும்புவோம். 1975 ஜூலையில் பிரேசிலில் பனி விழுந்து தோட்டங்கள் கருகின. உலக விலை எகிறியது. டாலர் இல்லாத கிழக்கு ஜெர்மனி தவித்தது. 1977-இல் அந்த அரசு பாதிக் காபியோடு தானியமும் சிக்கரியும் கலந்த தூளை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நமக்குச் சிக்கரி கலந்த காபி பழகிய ருசி. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அடக்குமுறைக்குப் பெயர்போன அரசே அந்த எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. டாலர் செலவில்லாமல் காபி கிடைக்க வழி தேடி, வியட்நாமின் மத்திய உயர்நிலத்தில் காபி பயிரிட 1980-இல் உடன்பாடு செய்துகொண்டது. எந்திரமும் பணமும் பயிற்சியும் கிழக்கு ஜெர்மனியுடையவை. நிலமும் உழைப்பும் வியட்நாமுடையவை. காபிச் செடி பலனுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அந்தத் தோட்டங்கள் நிறைந்து காய்க்கத் தொடங்கியபோது, நட்ட நாடே உலகப் படத்தில் இல்லை.

முடிவு மிக வேகமாக வந்தது. விலக்குப் பெற்ற நாடுகளுக்கு மலிவாக விற்பதை அமெரிக்கா நெடுநாளாகவே குறை சொல்லிவந்தது. பனிப்போர் தணியத் தணிய, லத்தீன் அமெரிக்கா கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமும் குறைந்தது. அச்சம் குறைந்ததும் தாங்கிப்பிடிக்கும் அக்கறையும் போயிற்று. 1989 ஜூலை 4-இல் கோட்டா முறை நின்றது. சில மாதங்களில் உலக விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நவம்பர் 9-இல் பெர்லின் சுவர் திறந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது. அதோடு ரூபாய் வணிகமும். இரண்டரை ஆண்டுக்குள் மலைக் காபியின் இரு சந்தைகளும் ஆட்டம் கண்டன. வரலாற்று நூல்கள் 1989-ஐ விடுதலையின் ஆண்டாகக் கொண்டாடுகின்றன. பிராக் மக்களுக்கும் லைப்சிக் மக்களுக்கும் அது உண்மையிலேயே விடுதலைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டைக் காபிக் களத்தில் நின்று எழுதும்போது, விலை பாதியானதையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஒரே கொள்முதல்காரர் போனபின் ஒரே விற்பனையாளருக்கு வேலை இல்லை. 1992-இல் விளைச்சலில் 30 விழுக்காட்டை விவசாயியே உள்நாட்டில் விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அளவு படிப்படியாக உயர்ந்து, 1996-இல் பொதுத் தொகுப்பு முற்றிலும் முடிந்தது. இடையில் 1994-இல் பிரேசிலில் மறுபடி பனி விழுந்து விலை ஏறியதால், தனியே விற்கத் தொடங்கியவர்களுக்குக் கை நிறைய வந்தது. தவணைப் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்தத் தொகுப்பை நினைத்து வருந்தவும் இல்லை. பின்னர் வியட்நாமின் காபி சந்தைக்கு வந்தது. புத்தாயிரத்தின் வாசலில் அந்த நாடு கொலம்பியாவை முந்தி உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தி நாடாயிற்று. 2001-இல் உலக விலை முப்பது ஆண்டுகளில் காணாத அடிமட்டத்தைத் தொட்டது. வியட்நாம் விளைவித்தது பெரும்பாலும் ரொபஸ்டா என்ற மலிவான வகை. ஆனாலும் தூள் கலப்பவர் மலிவானதை அதிகம் சேர்க்கும்போது அராபிகாவின் விலையும் இறங்கும். இந்த மலையிலும் இறங்கியது. கிழக்கு பெர்லினில் 1977-இல் ஒரு கோப்பைக் காபிக்கு எழுந்த முணுமுணுப்பு, சுற்றிவந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துச் சேர்வராயன் மலைக் களத்துக்கு வந்து சேர்ந்தது.

மேட்டூர் ஆலை 2008-இல் நின்றது. காபி நிற்கவில்லை. இந்தியக் காபியை இன்று அதிகம் வாங்குபவர்களில் இத்தாலியும் ஜெர்மனியும் ரஷ்யாவும் இருக்கின்றன. ஒரே ஜெர்மனி, ஒரே வகைப் பணம். பறிப்புப் பருவத்தில் வியாபாரி வருவார், ஒரு கைப்பிடி செர்ரியை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார், பிறகு செல்போனை எடுத்து நியூயார்க்கில் அராபிகா அன்று என்ன விலை என்று பார்ப்பார்.