பொடி வச்ச தங்கம்: கேடிஎம் நகையின் கதை

"அடுத்த எபிசோட் கேடிஎம் பத்தி"ன்னு ஆபீஸ்ல சொன்னதும் டீம்ல பாதிப் பேர் பைக்னு நினைச்சுட்டாங்க. பைக் இல்லைங்க, நகை. எங்க அம்மாவோட செயின் கொக்கியில கேடிஎம்னு மூணு எழுத்து பொறிச்சிருக்கும். "அப்படின்னா சுத்தமான தங்கம்டா" என்பார் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, அது தங்கத்தை ஒட்ட வச்ச ஒரு உலோகத்தோட பேரு: காட்மியம்.

முதல்ல அடிப்படை. சுத்தத் தங்கம் ரொம்ப மென்மையானது, சீக்கிரம் வளைஞ்சிடும். அதனால செம்போ வெள்ளியோ சேர்க்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் 22 காரட். 22ஐ 24ஆல் வகுத்துப் பாருங்க, 0.916 வரும். கடை போர்டுல பார்க்கிற 916 இதுதான்.

இந்த மாற்றைச் சோதிக்கப் பல நூற்றாண்டுகளாக இருந்த கருவி உரைகல். தாய்லாந்தின் தெற்கே, கிராபி மாகாணத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கு. காலம் பொது ஆண்டு 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. கடல் தாண்டிப் போன ஒரு பொற்கொல்லர் தன் கல்லில் பேர் போட்டு வச்சிருக்கார்!

ஆனா உரைகல்லுக்கு ஒரு குறை உண்டு. உரசின இடத்தைப் பத்தி மட்டும்தான் அது சொல்லும். செயினை யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வளையத்துலயும் ஒரு ஒட்டு. ஒட்டுறதுக்கு ஆசாரி வைக்கிறது 'பொடி'. அது நகைக்கு முன்னாடியே உருகணும், இல்லன்னா நகையே உருகிடும். அதனால அதில் செம்பும் வெள்ளியும் அதிகம், தங்கம் குறைவு. பொடியை வச்சு, ஊதுகுழலால் தீயை ஊதி ஒட்டுவார்கள். "பொடி வச்சுப் பேசாதே"ன்னு வீட்டுல சொல்றாங்களே, அந்தப் பொடி இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகையில் 7 கிராம் 22 காரட், 1 கிராம் பொடி. பொடியில் 60 சதவீதம்தான் தங்கம் என்று வச்சுக்கோங்க. மொத்தத்தையும் உருக்கினால் சுமார் 87.6 சதவீதம், அதாவது 21 காரட்! ஆசாரி யாரையும் ஏமாத்தலை. ஆனாலும் பழைய நகையை மாத்தப் போற அம்மாக்களுக்குத்தான் நஷ்டம்.

இங்கதான் காட்மியம் வருது. 1817இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த உலோகம். வெறும் 321 டிகிரி செல்சியஸில் உருகும். தங்கத்துக்கு 1064 டிகிரி வேணும். சுமார் 92 பங்கு தங்கத்தோட 8 பங்கு காட்மியம் சேர்த்தாலே நல்ல பொடி ரெடி. ஒட்டிலும் மாற்று குறையாது. கடைக்காரருக்குச் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்.

ஆனா காட்மியம் 767 டிகிரியில் கொதிச்சு ஆவியாகும். பட்டறைத் தீ அதைவிடச் சூடு. தீக்குப் பக்கத்துல முகத்தை வச்சுக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கிற ஆசாரி அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். மூச்சு விடும்போது பெரிசா ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சுக் காய்ச்சல், இருமல். வருஷக்கணக்கில் சுவாசிச்சா நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகமில்லாம நிரூபணமான பொருட்களின் பட்டியலிலும் காட்மியம் இருக்கு. போட்டுக்கிற நம்மைவிட, செய்யுற கைகளுக்குத்தான் ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரில் நகையிலும் ஒட்டுப்பொடியிலும் காட்மியத்தைத் தடை செய்தது. இப்போ துத்தநாகம், இண்டியம் கலந்த பொடிகள் இருக்கு. லேசர் வச்சும் ஒட்டுறாங்க. மாற்றுக்கு உத்தரவாதம் தர்ற வேலையை இந்தியாவில் ஹால்மார்க் எடுத்துக்கிட்டது. 2000இல் விருப்பம் இருந்தா போதும்னு தொடங்கியது, 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கிற ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கணும். 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அந்தக் குறியீட்டைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். கேடிஎம் முத்திரைக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதை அம்மாகிட்ட சொன்னேன். செயினைக் கையில் வச்சுக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இதைச் செஞ்ச ஆசாரி எப்பவும் இருமிக்கிட்டே இருப்பார்டா"ன்னாங்க. காரணம் காட்மியமா வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த மூணு எழுத்தைச் சும்மா கடந்து போக முடியலை.

உங்க வீட்டு நகையில என்ன முத்திரை இருக்குன்னு இன்னைக்கு எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!