ஸ்ரீவித்யா: திரையில் எல்லோருக்கும் அம்மா, வாழ்க்கையில் தனி ஆள்



இன்று அக்டோபர் 19. நடிகை ஸ்ரீவித்யா 2006ஆம் ஆண்டு மறைந்தது இதே நாளில்தான். அப்போது அவருக்கு வயது 53. "யாருங்க டீச்சர் அது?" என்று இளையவர்கள் கேட்பீர்கள். 'தளபதி'யில் ரஜினியைப் பெற்ற தாயாக வருவாரே, அவர்தான். 'காதலுக்கு மரியாதை'யில் விஜய்க்கு அம்மாவும் அவரே. பெரிய கண்களால் பாதி வசனத்தைச் சொல்லிவிடுவார்.

அவர் கதையை அம்மாவிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அம்மா, கர்நாடக இசை மேதை எம்.எல்.வசந்தகுமாரி. ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை. 1977இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அப்பா கிருஷ்ணமூர்த்தி நகைச்சுவைக் கலைஞர். 1953 ஜூலை 24இல் ஸ்ரீவித்யா பிறந்தார். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு முகத் தசையைப் பாதிக்கும் நோய் வந்தது. முகம்தானே நடிகருக்கு மூலதனம்? நடிப்பு நின்றது. வீட்டுப் பாரம் முழுவதும் அம்மாவின் குரலில் ஏறியது. கச்சேரி, கச்சேரி என்று ஊர் ஊராக ஓடினார். பெரிய பெயர் இருந்தும் வீட்டில் பண நெருக்கடி இருந்தது.

மகளும் சிறு வயதிலேயே சம்பாதிக்க வந்துவிட்டார். 1967இல் 'திருவருட்செல்வர்' படத்தில் தலைகாட்டியபோது வயது பதினான்குதான். பிறகு கே.பாலசந்தர் அவரைத் தொடர்ந்து பயன்படுத்தினார். 1975 ஆகஸ்ட் 15இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' அவருக்குப் பெரும் பெயர் தந்தது. அதில் வளர்ந்த மகள் உள்ள பாடகி பைரவியாக வரும்போது அவருக்கு 22 வயது! ரஜினிகாந்துக்கு அது முதல் படம். அதில் ஸ்ரீவித்யாவை விரும்பும் இளைஞனாக நடித்தவர் கமல். 14 ஆண்டுகள் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அதே கமலுக்கு இவர் அம்மா. நம் சினிமாவில் ஆணுக்கு ஓடும் வயது வேறு, பெண்ணுக்கு ஓடும் வயது வேறு.

அவரைப் பற்றிய காதல் கிசுகிசுக்கள் நிறைய உண்டு. அதை எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது பணத்தைப் பற்றி. 1978இல் திருமணம் நடந்தது. நடிப்பை விட்டுக் குடும்பத்தோடு இருக்கவே ஆசைப்பட்டார். பண நெருக்கடியால் மீண்டும் நடிக்க வந்தார். 1980இல் மணமுறிவு. அதன்பின் சொத்துக்காக நீண்ட வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தான் உழைத்துச் சேர்த்ததைத் தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

சென்னையை விட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறினார். கேரளம் அவரைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டது. சிறந்த நடிகைக்கான கேரள அரசு விருதை 1979, 1983, 1992 என மூன்று முறை வாங்கினார். பிறகு டிவி தொடர்களுக்கு வந்து தினமும் வீட்டுக்குள் வரும் முகமானார். 'அவிசாரிதம்' என்ற மலையாளத் தொடருக்கு 2004ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் தொலைக்காட்சி விருது கிடைத்தது.

அந்த விருதின் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. 2003இலேயே அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டே நடித்தார். 'அம்மத் தம்புராட்டி' என்ற தொடரை உடல்நிலையால் முடிக்க முடியவில்லை. கடைசி மாதங்களில் உயில் எழுதினார். ஏழை இசை, நடன மாணவர்களுக்குத் தன் சொத்து உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பினார்கள்.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், என்னிடம் படித்த பெண் பிள்ளைகள். உங்களில் பலர் தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் உழைக்கிறீர்கள். பகலெல்லாம் தறிச் சத்தம், இரவில்தான் டிவி சத்தம் காதில் விழும். அந்த டிவியில் அழும் பெண்ணுக்காக நீங்களும் அழுவீர்கள். அழுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒன்று, உங்கள் சம்பளம் ஏறும் கணக்கின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் யார் கையில் இருக்கிறது? வீட்டுக்குக் கொடுப்பது வேறு, கணக்கே தெரியாமல் இருப்பது வேறு. உங்கள் நகைப்பணத்தில் வாங்கிய இடம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

இரண்டு, மார்பில் கட்டி தட்டுப்பட்டால் "ஆர்டர் முடியட்டும், தீபாவளி போகட்டும்" என்று தள்ளுகிறீர்களா? வலி இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள் கண்ணுகளா, கூட வருகிறேன்.

மாணவத் தம்பிகள் இதை உங்கள் அக்கா, தங்கை, மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சோமனூர்