மோரில் பிறந்த ரொட்டி

அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரத்து ஷாண்டன் மேட்டில் ஒரு வெண்ணெய்ச் சந்தை இருந்தது. 1770 முதல் 1924 வரை நடந்த சந்தை. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் கெர்ரி மலைப்பக்கத்திலிருந்தும் மரப்பீப்பாய்களில் அடைத்த உப்பு வெண்ணெய் அங்கே வந்து இறங்கும். பரிசோதகர் நீளமான இரும்புக் குடைகோலைப் பீப்பாயின் அடிவரை இறக்கித் திருகி எடுப்பார். கோலோடு வரும் வெண்ணெயை முகர்ந்து, நிறம் பார்த்து, நாக்கில் வைத்து, ஆறு தரங்களில் எதில் சேரும் என்று முடிவு செய்வார். மேலே நல்லதையும் அடியில் கெட்டதையும் அடைத்து ஏமாற்ற வழியில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், அந்தத் தர முத்திரையை நம்பி மேற்கிந்தியத் தீவுகள் வரை கார்க் வெண்ணெய் கப்பலேறிப் போனது.

அந்த வெண்ணெய்க் காசில்தான் பல குடியானவர் வீடுகள் நிலக் குத்தகை கட்டின. கடைந்தவர்கள் பெண்கள், கடைந்ததில் பெரும்பங்கு சந்தைக்குப் போய்விடும். வீட்டில் நின்றது மோர். உருளைக்கிழங்கும் மோருமே ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு. ஈஸ்டுக்குப் பதில் சோடாவும் மோரும் சேர்த்து உப்பவைக்கும் அயர்லாந்துச் சோடா ரொட்டியின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சோடாவிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சோடா கடைக்கு வருவதற்குப் பல தலைமுறை முன்பே அந்த வீடுகளில் மோர்ப்பானை இருந்தது. இந்த ரொட்டிக்குத் தாய் மோர்தான்.

ஈஸ்ட் ரொட்டி அங்கே ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு நிலமும் வானமும் காரணம். குளிரும் ஈரமும் ஓயாத நாடு. அங்கே விளையும் கோதுமையில் புரதம் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்குப் பிசைந்த மாவு இழுத்தால் அறாமல் நீள வேண்டும், மணிக்கணக்கில் காற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த மென்கோதுமைக்கு அந்தத் தெம்பு இல்லை. போதாததற்கு, சாதாரண வீடுகளில் ரொட்டி அடுப்பே கிடையாது. தரையோடு தரையாக ஒரு கணப்பு. அதில் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் கனன்றுகொண்டிருக்கும். அதன்மேல் தொங்கும் இரும்புக்கல்லில் ஓட்ஸ் அடை சுடுவார்கள், பானையில் கிழங்கு வேகவைப்பார்கள்.

சோடா வந்த வழி வேறு. கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடாச் சாம்பல் தேவைப்பட்டது. கடற்பாசியை எரித்து அதை எடுத்துவந்த காலத்தில், சாதாரண உப்பிலிருந்தே அதைத் தயாரிக்கும் முறைக்கு 1791-இல் பிரான்ஸில் நிக்கோலா லெப்ளாங் உரிமம் பெற்றார். அதன்பிறகு சோடா ஆலைச் சரக்காகிவிட்டது, விலை இறங்கியது. அதிலிருந்து வந்த சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்பசோடா, 1830-களில் அயர்லாந்துக் கிராமத்துச் சமையலறைக்குள் நுழைந்தது. காரத்தையும் புளிப்பையும் சேர்த்து மாவை உப்பவைக்கும் யுக்தி அதற்கு முன்பே அமெரிக்காவில் உண்டு. அமெலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் சேர்த்த பண்டங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த யுக்தியை நித்திய உணவாக்கியவர்கள் அயர்லாந்துக்காரர்கள்.

1836-இல் லண்டன் இதழ் ஒன்று, அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துச் செய்தித்தாளில் வந்த ஒரு செய்முறையை எடுத்துப் போட்டது. சோடா ரொட்டிக்கு அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. ஒன்றரைப் பவுண்டு கோதுமை மாவு, உப்பு, ஒரு தேக்கரண்டி நிறைய சோடா, நன்றாகப் புளித்த மோர். மாவு கையில் பிடிக்க முடிகிற அளவுக்குத்தான் இறுகலாம். எவ்வளவு இளகுகிறதோ அவ்வளவு நல்லது என்கிறது குறிப்பு. தட்டையான சட்டியில் வைத்து மூடி, கீழே மிதமான சூட்டில் இருபது நிமிடம், பிறகு மூடிமேல் கனிந்த தணலைப் பரப்பி அரைமணி நேரம். எழுதியவர் கைப்பழக்கம் உள்ளவர் என்பது அந்த 'இளக்கம்' பற்றிய வரியிலேயே தெரிகிறது. இன்றைக்கும் சோடா ரொட்டி கல்லாகிப் போவதற்கு முதல் காரணம் மாவை இறுக்கிப் பிசைவதுதான்.

தணலை மூடிமேல் வைக்கும் அந்தச் சட்டியைப் பிற்பாடு பாஸ்டிபிள் என்றார்கள். மூன்று கால், தடித்த வார்ப்பிரும்பு, விளிம்பு ஏறிய மூடி. வட்டமாகத் தட்டிய மாவை அதில் வைத்து, கத்தியால் நெடுக்கும் குறுக்குமாக ஆழக் கீறுவார்கள். தேவதைகளை வெளியேற விடுவதற்கு என்று பாட்டிகள் சொல்வார்கள். சிலுவைக்குறி என்று பக்தர்கள் சொல்வார்கள். கீறல் இல்லாவிட்டால் வெளித்தோல் முறுகிய பிறகும் நடு மாவு வேகாமல் பிசுபிசுக்கும் என்பது சுட்டவர் எல்லோருக்கும் தெரியும். மூன்று காரணமும் சேர்ந்தே அந்தக் கீறலை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கின்றன.

உள்ளே நடப்பது எளிய ரசாயனம். புளித்த மோரின் லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. அந்தக் குமிழிகள் அடங்குவதற்குள் சூடு மாவை இறுக்கிப் பிடித்துவிட வேண்டும். ஆகவே காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. மோர் ஊற்றிய கையோடு அடுப்பில் வைக்க வேண்டும். ஒரு கப் புளித்த மோர் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி சோடாவைச் சமன்செய்யும். அதற்குமேல் போட்டால் மிச்ச சோடா சோப்பு வாடையாகவும் மஞ்சள் திட்டாகவும் காட்டிக்கொடுக்கும்.

1845-இல் கிழங்குச் செடிகளைக் கருகல் நோய் தாக்கியது. அடுத்த ஏழாண்டுப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளிலும் துறைமுகங்களிலிருந்து வெண்ணெய்ப் பீப்பாய்கள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த ரொட்டியைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியவில்லை. கிழங்கை மட்டும் நம்பியிருந்த வாழ்க்கை உடைந்தபின், கடைமாவும் சோடாவும் மோரும் சேர்ந்த இந்த ரொட்டி வீட்டுக்கு வீடு அன்றாடமாகியது.

அந்த நித்திய ரொட்டியில் நான்கே பொருள்தான்: மாவு, உப்பு, சோடா, மோர். பண்டிகைக்கோ, அறுவடை ஆட்களுக்கோ, விருந்தாளிக்கோ தான் கொஞ்சம் சர்க்கரையும் ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் விழும். கப்பலேறியவர்கள் அமெரிக்காவில் கை தாராளமானார்கள். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சீமைச் சோம்பு என்று சேர்ந்துகொண்டே போனது. மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் அங்கே கடைகளில் விற்பது இதுதான். பழைய நான்கு பொருளைக் காக்க அங்கே ஒரு சங்கமே இருக்கிறது. திராட்சை விழுந்தாலே அது வேறு பண்டம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்தக் கண்டிப்பின்மேல் மரியாதை உண்டு. முட்டையும் வெண்ணெயும் மாவுக்குள் போனால் அது கேக் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆரஞ்சுத் தோலையும் எலுமிச்சைத் தோலையும் துருவிச் சேர்ப்பதை அந்தக் கணக்கில் வைக்க மாட்டேன். அது ரொட்டியின் கட்டுமானத்தைத் தொடுவதில்லை. மணம் மட்டும் தருகிறது. பாகில் ஊறவைத்த ஆரஞ்சுத் தோல் அயர்லாந்தின் பழ ரொட்டிகளுக்குப் புதிதும் அல்ல. அங்கே ஆரஞ்சு விளையாது. ஸ்பெயினிலிருந்து வந்த அந்தப் பழத்தின் தோலை வீணாக்காமல் பாகில் போட்டுவைத்த சமையலறைகள் அவை.

நம் வீட்டில் சுடுவதற்கு இந்த அளவு சரியாக வரும். 450 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, முக்கால் தேக்கரண்டி ஆப்பசோடா. கட்டி இல்லாமல் சலிக்க வேண்டும். ஈஸ்ட் ரொட்டி சுடுபவர்கள் குறை சொல்லும் நம் மைதா இங்கே பொருத்தமானது. அந்த மென்கோதுமைக்கு அது கிட்டத்தட்ட உறவு. மோர் என்றால் தாளித்துக் குடிக்கும் நீர்மோர் ஆகாது. புளித்த தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்ததும் நிற்கும் கெட்டி மோர் வேண்டும், 350 மில்லி. அதோடு ஆரஞ்சுச் சாறு இரண்டு மேசைக்கரண்டி; சோடாவில் மிஞ்சுவதை அதன் புளிப்பு பார்த்துக்கொள்ளும்.

தோல் துருவலில்தான் கவனம் வேண்டும். மணம் இருப்பது மேல்தோலில் தெரியும் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. அதுவரை துருவலைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சையின் துருவலை இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு சேர்த்து விரல்நுனியால் தேய்த்தால், சர்க்கரைத் துகள் பைகளைக் கிழித்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை ஈரமணலாகி மஞ்சளாகும். அறை முழுக்க மணக்கும். அதை மாவில் கலந்து, நடுவில் குழித்து மோரை ஊற்றி, விரல்களை விரித்துச் சுழற்றினால் போதும், பிசையக் கூடாது. வட்டமாகத் தட்டி, ஆழக் கீறி, 200 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். அடியைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலிக்க வேண்டும். மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டியை முன்கூட்டிச் சூடாக்கி அதில் வைத்தால் பழைய பாஸ்டிபிளுக்கு நெருக்கமாக வரும். எடுத்ததும் பருத்தித் துணியில் சுற்றிவிட்டால் மேல்தோல் இளகும்.

இத்தனை செய்தும் ஆரஞ்சு மணத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். அந்த எண்ணெய்கள் சூட்டில் பறப்பவை. சுடும்போது வீடு மணப்பதே அதற்குச் சாட்சி. ரொட்டிமேல் தடவத் தேனும் ஆரஞ்சுத் துருவலும் சேர்த்து அடிக்கும் இனிப்பு வெண்ணெய்க்கு வேலை இங்கேதான். தோல் எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. ஆகவே சூடுபடாத வெண்ணெய் அந்த மணத்தை முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 100 கிராம் உப்பில்லாத வெண்ணெயைத் தானாக இளகவிட்டு (உருக்கினால் நெய் தனி, நீர் தனி ஆகிவிடும்), இரண்டு மேசைக்கரண்டி தேன், அரை ஆரஞ்சின் துருவல், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து முள்கரண்டியால் அடித்து, பட்டர் பேப்பரில் உருட்டிக் குளிரவைக்கலாம். சாறு ஊற்ற வேண்டாம், அது கலக்காமல் முத்துமுத்தாக நிற்கும். அயர்லாந்து வெண்ணெய் பச்சைப்புல்லின் கரோட்டினால் நல்ல மஞ்சள். நம் எருமை வெண்ணெய் வெள்ளை என்பதால் துருவல் பளிச்சென்று தெரியும். நித்திய ரொட்டி பிறந்த வீடுகளில் விற்றதுபோக மிஞ்சிய வெண்ணெயைக் கணக்குப் பார்த்துத்தான் தடவியிருப்பார்கள். இன்று அதே ரொட்டிமேல் அதைத் தாராளமாகத் தடவ முடிவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓவன் இல்லாதவர்கள் வடக்கே அல்ஸ்டர் பகுதியின் வழக்கத்தைப் பின்பற்றலாம். அங்கே இன்றும் இதைக் கல்லில்தான் சுடுகிறார்கள். அதே மாவை விரல் தடிமனுக்கு வட்டமாகத் தட்டி நான்காக வெட்ட வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மாவு தூவி, சிறுதீயில் ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து நிமிடம். திருப்பிப் போட்டு அதே நேரம். பிறகு நான்கு துண்டுகளையும் ஒன்றோடொன்று சாய்த்து நிமிர்த்தி ஓரங்களையும் வாட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பச்சைமாவாகவே நிற்கும். சூடு இருக்கும்போதே குறுக்கே பிளந்து வெண்ணெயை உள்பக்கம் தடவுங்கள்.