ஐன்ஸ்டைன் களத்தில் நின்றுபோன ரோபோக்கள்

2012 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் பள்ளி மாணவர் ரோபோ போட்டி உச்சத்தில் இருந்தது. இறுதிச் சுற்றுகள் நடக்கும் களத்தின் பெயர் ஐன்ஸ்டைன். அன்று அந்தக் களத்தில் ரோபோக்கள் அடுத்தடுத்துத் தொடர்பு அறுந்து, ஆட்டத்தின் நடுவிலேயே அசையாமல் நின்றன. மாணவர்கள் ஆறு வாரம் இரவும் பகலும் உழைத்துக் கட்டியவை அவை.

அமைப்பினர் அந்த ரோபோக்களை நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டருக்கு வரவழைத்து ஆராய்ந்தார்கள். யாரோ ஒருவர் வைஃபை இணைப்பில் வேண்டுமென்றே குறுக்கிட்டது உறுதியானது. ஆனால் பழி முழுவதும் அவரைச் சேரவில்லை. ரோபோக்களுக்குள்ளும் கோளாறுகள் இருந்தன.

இதே மான்செஸ்டரில்தான் 1992-இல் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளுடன் டீன் கேமன் இந்தப் போட்டியைத் தொடங்கினார். 2009-இல் வைஃபை வந்தபோது, அலமாரியில் சும்மா கிடப்பதற்கென்று செய்த வீட்டு வைஃபை கருவி ஐம்பது கிலோ இயந்திரத்தின் மேல் ஏறியது. அதற்கு மின்சாரம் தந்தது ஓர் உருளைப் பின். திருகோ பூட்டோ கிடையாது, வெறும் பிடிமானம்தான். இரண்டு ரோபோக்கள் மோதும்போது அந்தப் பின் ஒரு கணம் நழுவினால் போதும், கருவி அணைந்து மறுபடி உயிர்பெற அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்போது மொத்த ஆட்டமே இரண்டேகால் நிமிடம்!

அனுபவப்பட்ட அணிகள் கருவிகள் பொருத்திய பலகையை போல்ட் போட்டு இறுக்குவதோடு நிற்பதில்லை. வயர் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பே அதைக் கேபிள் டையால் கட்டி, கொஞ்சம் தளர்வும் விடுகிறார்கள். இழுவிசை முழுவதும் அந்தக் கட்டில் தங்கிவிடும், முனைக்குப் போகாது. கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பாலிகார்பனேட் தகட்டிலோ ஒட்டுப்பலகையிலோ பொருத்துவது மின்கசிவுக்குப் பயந்து. பேட்டரி இணைப்புக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே 120 ஓமுக்கு மேல் தடை இருக்கிறதா என்று பரிசோதகர்கள் மல்டிமீட்டர் வைத்தே பார்ப்பார்கள். ஏறக்குறைய ஆறு கிலோ எடையுள்ள பேட்டரிக்குத் தனிப் பட்டை வேண்டும். அது கழன்று உருண்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.

2015-இல் ரோபோரியோ என்ற சிறிய கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. துளையிடும்போது சிதறும் அலுமினியத் துகள் உள்ளே போய்விடாமல் அதை மூடிவைப்பது வழக்கம். மறு ஆண்டின் 'ஸ்ட்ராங்ஹோல்ட்' ஆட்டத்தில் கற்சுவரும் அகழியும் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு குதிப்பும் வயரிங்குக்கு ஒரு தேர்வு. உருளைப் பின்னைச் சூடான பசையால் ஒட்டிப் பார்த்தார்கள். பலர் அதைக் கைவிட்டு, சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும் ஈதர்நெட் வயர் வழியாகவே வைஃபை கருவிக்கு மின்சாரம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட கருவிகளுக்கு மாற்றாக, இந்தப் போட்டிக்கென்றே வடிவமைத்த வைஃபை ரேடியோ 2025 பருவத்தில் பரவலாகக் களத்துக்கு வந்தது. அதில் மின்வயரை ஸ்பிரிங் கவ்வி இறுகப் பிடித்துக்கொள்கிறது.